பின்னாலிருந்து கூப்பிடாத வீடு

எங்கள் வீட்டில் ஆறு தறி ஓடுகிறது. ராஜபாளையத்துக்கு வெளியே, காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்யும் தெரு எங்களுடையது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தறிதான், காலையில் ஆறு மணிக்குத் தொடங்கினால் ராத்திரி சாப்பாட்டு நேரம் வரை சத்தம்தான். அந்தச் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. அதனால் கையால் பேசுவோம். இரண்டு விரலைக் கத்திரிபோல் காட்டினால் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளங்கையைக் கவிழ்த்தால் தறியை நிறுத்து. வயிற்றைத் தட்டினால் சாப்பிட வா. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் எழுந்து போய்த் தோளைத் தட்டுவோம். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் கேட்டால், இத்தனை பேர் இருந்த வீட்டில் இதுகூடவா தெரியவில்லை என்று திட்டத் தோன்றும். திட்டுங்கள். தெரிந்துகொண்டு திட்டுங்கள்.

நான் சொல்ல வந்தது என் மருமகள் சண்முகத்தாயைப் பற்றி. சுந்தரபாண்டியத்துப் பெண். வயல் வேலை செய்கிற குடும்பம். வரப்பில் நின்று கூப்பிட்டால் மூன்று வயல் தாண்டிக் கேட்கிற குரல் அவளுக்கு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்பிங் படித்து, அந்தச் சர்டிபிகேட்டையும் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு என் மகன் வேல்சாமியைக் கட்டி வந்தாள். வந்த புதிதில் தறிக்கு மேலே கத்திப் பேசினாள். தொண்டை போனதுதான் மிச்சம். ஒரு வருஷத்தில் அவளும் எங்களைப்போல் கையால் பேசக் கற்றுக்கொண்டாள். நல்ல மருமகள் என்று நான் சந்தோஷப்பட்டேன். அவளுக்குள் பேச்செல்லாம் தேங்கிக் கிடந்தது எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆனி மாதம் பையன் பிறந்தான். குலசாமி பெயரையே வைத்தோம், இருளப்பசாமி. தங்கமான பிள்ளை. தறி ஓடுகிற கூடத்திலேயே தூளி கட்டினோம், ஒரு நாள் அலறி எழுந்ததில்லை. இரண்டு வயதில் எங்கள் கைப்பேச்சு முழுக்க அவனுக்கு வந்துவிட்டது. இழை அறுந்தால் எனக்கு முன்னால் அவன் கண்டுபிடித்து என் முந்தானையை இழுத்து விரலைக் காட்டுவான். வாய் மட்டும் திறக்கவில்லை. இரண்டு முடிந்தது, மூன்று முடிந்தது, அம்மா என்ற சொல்கூட இல்லை.

சண்முகத்தாய் பயந்தாள். நான் பயப்படவில்லை.

"வேல்சாமி மூணு வயசுலதான்ட்டி வாயத் தொறந்தான். இப்பப் பாரு, வாய மூட மாட்டேங்கான்" என்று அவளை அடக்கினேன். வசம்பை உரசி நாக்கில் தடவினேன். எதிர்வீட்டு அங்காளம்மாள் வந்து பார்த்துவிட்டு, "வீட்டுல அம்புட்டுப் பேரும் ஊமைப் பாஷை பேசுதீய, அவன் மட்டும் என்னத்தப் பேசுவான்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சண்முகத்தாய் சிரிக்கவில்லை. அவளாக ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவரும் பையன் முகத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார், இவன் பதிலுக்கு ஆட்டினான். சூட்டிகையான பிள்ளை, பேசுவான், போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் ஏதோ வாரப் பத்திரிகையில் ஒரு மூலையில் போட்டிருந்ததாம். கம்ப்யூட்டர் வழியாகத் தமிழ்த் தாய்மார் கூட்டம் ஒன்று இருக்கிறது, பிள்ளை வளர்ப்பில் சந்தேகம் என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாம், எந்தெந்த நாட்டிலோ இருக்கிற அம்மாக்கள் பதில் போடுவார்கள் என்று. இவள் அதைக் கிழித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் அலைந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி பூத் வைத்திருக்கும் காசிராஜன் ஒரு கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தைப் பொங்கல் கழிந்ததும் கிளம்பினாள். தனியாக அனுப்புவேனா? நானும் போனேன்.

காசிராஜனுக்கு ஐம்பது வயது இருக்கும், முன்மண்டை வழுக்கை. எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டார். சண்முகத்தாய் விசைப்பலகையில் விரலை வைத்ததும் படபடவென்று எழுத்து ஓடியது. தமிழ்ப் பேச்சை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிறாள் என்றார் அவர். எனக்கு எந்த எழுத்தாக இருந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான்.

"ஆச்சி, உங்க மருமக எம்புட்டு வேகமா அடிக்கு பாத்தீயளா? என் கடையில உக்கார வச்சிரலாம் போல."

"அவளுக்கு வீட்டுல ஆறு தறி இருக்கு. ஒம்ம சோலியப் பாரும்."

சண்முகத்தாய் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தாள். என் மகன், இன்ன பெயர், இப்படிப் பேசாமல் இருக்கிறான் என்று. "வயது மூன்றரை" என்று படித்ததும் நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"ரெண்டுன்னு போடு."

"அத்தை, மூணரை ஆச்சே."

"மொகந்தெரியாத அம்புட்டுப் பேருக்குப் போகுதுன்னு சொல்லுத. உள்ள வயசச் சொல்லுவியா? ரெண்டுன்னு போடுட்டி."

காசிராஜன் இடையில் விழுந்தார். "ஆச்சி, கம்ப்யூட்டருக்குக் கண்ணு கெடையாது."

"அதப் பாக்கிறவளுக்கு இருக்குல்லா?"

எனக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூத்தவள் மூன்று வயதில் போனாள். போவதற்கு முந்தின வாரம் சேத்தூரிலிருந்து விருந்தாடி வந்த ஒருத்தி, என்ன வயது என்று கேட்டு, மூன்றுக்கு இந்த வளர்த்தியா என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். அடுத்தவனும் அப்படித்தான், யாரோ வயது கேட்டார்கள், ஒரு மாதம் இருந்தான். மூன்றாவதாக வேல்சாமி பிறந்த பிறகு நான் வெளியாள் எவரிடமும் அவனுடைய சரியான வயதைச் சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் குறைத்துத்தான் சொல்வேன். பள்ளிக்கூடத்திலும் அப்படியே எழுதவைத்து, அவன் சர்டிபிகேட்டில் இன்றைக்கும் தப்பான வயதுதான் இருக்கிறது. ஆனால் அவன் இருக்கிறானே. அப்படிப் பிழைக்க வைத்த வழக்கத்தை ஒரு கம்ப்யூட்டருக்காக நான் விடுவேனா?

சண்முகத்தாய் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஏதோ அழித்து ஏதோ அடித்தாள். இரண்டு.

நான்கு நாள் கழித்துப் போனோம். பதினோரு பேர் பதில் போட்டிருந்தார்கள். காசிராஜன் தாளில் அடித்தே கொடுத்தார், அந்த மிஷின் தறியில் நூலை இழுத்து ஓடுகிற நாடாபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. எல்லாவற்றிலும் ஒரே பேச்சு. இரண்டு வயதுதானே, ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும், சொன்னதைப் புரிந்துகொள்கிறான் என்கிறீர்கள், பிறகென்ன, இன்னும் ஆறேழு மாதம் பொறுங்கள். துபாயில் இருக்கிற ஒருத்தி தன் மகன் இரண்டே முக்காலில் பேசியதாக எழுதியிருந்தாள்.

"கேட்டியா? நான் சொன்னததான சொல்லுதாளுவ?" என்றேன். பஸ்ஸில் வரும்போது நாலு தடவை சொன்னேன். எனக்கு இப்போது அந்த நாலு தடவையும் தனித்தனியாக ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு சண்முகத்தாய் வெள்ளிக்கிழமைதோறும் போனாள். பையனுக்காகத் தொடங்கியது, பிறகு அவளுக்காகவும் ஆயிற்று. எவளோ ஒருத்திக்குப் பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறது, எவளுக்கோ புருஷன் சரியில்லை, எவளோ குளிர் நாட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க ஒற்றையாகப் பிள்ளையோடு கிடக்கிறாள். இவள் அவர்களுக்குப் பதில் போடுவாள். சிங்கப்பூரில் இருக்கிற கிருபாபாய் என்பவள் இவளுக்கு ரொம்ப நெருக்கமாகிவிட்டாள். அவள் கடிதம் வந்த நாளில் இவள் நடையே வேறாக இருக்கும். அந்தத் தாள்களை மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்து, தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே எடுத்து எடுத்துப் படிப்பாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். வீட்டில் குத்துக்கல்லாட்டம் நான் இருக்கிறேன். என்னிடம் சொல்லாததை முகம் தெரியாதவளிடம் போய்ச் சொல்கிறாளே என்று. அதோடு அந்தக் கடையில் நிம்மதியாக ஒரு கடிதம் போகுமா? ஒரே ஒரு போன் லைன். இவள் முக்கால்வாசி எழுதியிருப்பாள், எவனாவது பம்பாய்க்குப் பேச வேண்டும் என்று வந்து நிற்பான். காசிராஜன் தலையைச் சொறிவார். "தாயி, செத்த நேரம், லைன வெட்டிக்கிடுதேன்." வெட்டினால் எழுதியதெல்லாம் போச்சு. பிறகு மறுபடி மதுரை நம்பரைச் சுற்றி, அது கீகீ என்று கத்தி, எடுக்காமல், மறுபடி சுற்றி. ஒரு நாள் மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் போய்விட்டது. சண்முகத்தாய் அங்கேயே அழுதாள். அந்தப் பம்பாய்க்காரனை நான் திட்டிய திட்டுக்கு அவன் போன் பேசாமலே போய்விட்டான்.

ஆனி வந்தது. பிள்ளைக்கு நான்கு வயது முடிந்தது. ஆடி முதல் வெள்ளிக்கிழமை கடையில் போய் உட்கார்ந்ததும் சண்முகத்தாய் என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"அத்தை, இன்னைக்கு உள்ள வயசப் போடப்போறேன்."

"வேண்டாம்னு சொல்லியிருக்கேன்லா?"

"நீங்க சொல்லி ஆறு மாசம் ஆச்சு. ஒரு சொல்லு வந்துச்சா?"

"ஏட்டி, எனக்கு ரெண்டு போயிருக்கு. ஒனக்குத் தெரியாது அது."

"எனக்கு இருக்கிறது ஒண்ணு அத்தை. அது என்னைய அம்மான்னு கூப்பிடல." அவள் குரல் பழைய வயல்காட்டுக் குரலாக எழுந்தது, பூத்துக்குள் பேசிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "நீங்க வெளிய போயி நில்லுங்க."

நான் போகவில்லை. ஸ்டூலிலேயே இருந்தேன். ஆனால் அவள் கையைப் பிடிக்கவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பதில்களைக் காசிராஜன் படித்தார். சண்முகத்தாய் படிக்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அமெரிக்காவிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள்: நான்கு வயதா? இரண்டு என்று எப்படிப் பொய் சொன்னாய்? உன்னை நம்பித்தானே நாங்கள் பொறு என்று சொன்னோம்? நீ எப்படிப்பட்ட தாய்? இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி. காசிராஜன் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆச்சி, உங்க மருமக எழுதினது இங்கயே இருக்கு. 'என் புத்திக்குறைவால் வயதைக் குறைத்து எழுதிவிட்டேன், மன்னியுங்கள்'னு இருக்கு. உங்க பேரே இல்ல."

மிச்சத்தையும் படியும் என்றேன்.

கடைசியாகக் கிருபாபாயின் கடிதம். அவள் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாள். நீ அவனைக் கூப்பிடும்போது வீட்டில் வேறு என்ன சத்தம் இருக்கும்?

சண்முகத்தாய் சுவரை விட்டுத் திரும்பினாள். இந்த ஏழு மாதத்தில் அவள் என்னென்னவோ எழுதியிருந்தாள், பல் முளைத்தது முதல் பாயை நனைத்தது வரை. தறியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அதை யார் எழுதுவார்கள்? வீட்டுக்குக் கூரை இருக்கிறது என்று யாராவது எழுதுவார்களா? அன்றைக்குத்தான் எழுதினாள். ஆறு தறி, கைப்பேச்சு, தோளைத் தட்டுவது எல்லாம். காசிராஜன் அன்றைக்கு வந்த இரண்டு பேரையும் அரை மணி பொறுக்கச் சொல்லி லைனை விட்டு வைத்தார், மனுஷன். கிருபாபாயும் அங்கே கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்திருப்பாள்போல. பதில் அப்போதே வந்தது: என் மகனுக்குக் காது கேட்காது. உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. சத்தமே இல்லாத நேரம் பார்த்து, பின்னால் நின்று, நிழல் விழாமல் கூப்பிட்டுப் பார்.

எங்கள் தெருவில் பிள்ளை விழித்திருக்கும்போது சத்தமே இல்லாத நேரம் என்பது கரண்ட் இல்லாத நேரம். மாதம் ஒரு நாள், கம்பி வேலை என்று பகலெல்லாம் நிறுத்துவார்கள். மற்ற மாதங்களில் தறி நின்றதும் எல்லோரும் தெருவுக்கு ஓடி, அத்தனை நாள் பேசாததையெல்லாம் ஒரே நேரத்தில் கத்துவோம். அந்த மாதம் நாங்கள் மூவரும் உள்ளேயே இருந்தோம். பகலில் தறிக்கூடம் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பையன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நூல் தீர்ந்த தார்க்குச்சிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். வேல்சாமி வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

"நான் கூப்பிடுதேன். என் சத்தம் அவனுக்குத் தெரியும்" என்று பிடிவாதமாக நானே முன்னால் போனேன்.

"சாமி."

குச்சியை அடுக்கினான்.

"ஏலே சாமி! அப்பத்தா கூப்பிடுதேன்லே!"

அடுக்கினான். விளையாட்டு மும்முரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பக்கத்தில் இருந்த பித்தளைச் செம்பைத் தரையில் போட்டேன். சட்டென்று திரும்பினான்.

"பாத்தியா! பாத்தியா! திரும்பிட்டான்லா?" நான் வேல்சாமியைப் பார்த்துக் கத்தினேன். அவன் முகம் மலர்ந்தது.

சண்முகத்தாய் மலரவில்லை. பையன் மறுபடி குச்சிக்குத் திரும்பும்வரை காத்திருந்தாள். பிறகு ஒரு தட்டைக் கையில் தூக்கிப் பிடித்து, தரையில் எதுவும் பட்டு அதிராமல், அவன் தலைக்குப் பின்னால் கரண்டியால் ஓங்கி அடித்தாள். எனக்குக் காது வலித்தது. அங்காளம்மாள் தெருவிலிருந்து என்ன என்று ஓடி வந்தாள். பையன் ஒரு குச்சியை எடுத்து, கொஞ்சம் யோசித்து, வரிசையில் வைத்தான்.

மறுபடி அடித்தாள். மறுபடி.

"போதும்ட்டி" என்றேன். அவள் நிறுத்தவில்லை. வேல்சாமி வந்து தட்டைப் பிடுங்கினான்.

மதுரைக்குப் போனோம். கண்ணாடி அறைக்குள் வைத்து, தலையில் என்னவோ மாட்டி, இரண்டு நாள் பார்த்தார்கள். இரண்டு காதும் போயிருக்கிறது, வலதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. பிறவியிலேயே இப்படி என்றார். அடுத்ததாக, ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டார். காது மிஷின் மாட்டினால் அந்த மிச்சத்தை வைத்துப் பேச்சு வரலாம், ஆனால் ஒன்றரை வயதில் வந்திருந்தால் ஒரு மாதிரி, மூன்றில் ஒரு மாதிரி, நான்கு தாண்டினால் ஒவ்வொரு மாதமும் கஷ்டம், ஐந்துக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு, அதற்குமேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். வேல்சாமி என்னைப் பார்த்தான். சண்முகத்தாய் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்திருந்தால் தேவலை.

அன்றைக்குத் திரும்பி வந்ததும் நான் ஒற்றையாகப் பஸ் ஏறிக் காசிராஜன் கடைக்குப் போனேன்.

"நான் சொல்லுதேன், நீரு அடியும்."

"என்ன ஆச்சி அடிக்க?"

"வயசக் கொறச்சது முத்துப்பேச்சின்னு அடியும். சண்முகத்தாயோட மாமியா. அவ வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா, நாந்தான் கையப் புடிச்சேன்னு அடியும். திட்டுறதுன்னா என்னையத் திட்டச் சொல்லும். அந்த அமெரிக்காக்காரி என் மருமககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னும் அடியும்."

இரண்டு தடவை லைன் போயிற்று. மூன்றாவது தடவை, கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் சொல்லும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் பதில் போட்டார்கள். பரவாயில்லை பாட்டி, அந்தக் காலத்து நம்பிக்கை பாட்டி, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் பாட்டி என்று. அமெரிக்காக்காரியும் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. என்னை ஒருத்தியாவது நன்றாகத் திட்டியிருக்கலாம்.

புரட்டாசியில் மிஷின் வந்தது. நெஞ்சில் தொங்குகிற ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். எங்கள் துணியிலேயே நான்கு மடிப்பு வைத்து சண்முகத்தாய் அதற்கு ஒரு பை தைத்தாள். மாட்டினோம். கூடத்தில் ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. பையன் முகம் வெளுத்து, வாயைப் பிளந்து, வயரைப் பிடுங்கி எறிந்தான். மறுபடி மாட்டினால் மறுபடி எறிந்தான். அவனுக்குள் முதன்முதலாகப் போன சத்தம் எங்கள் தறி. பேச்சு எங்கே போகும்?

"தறியில்லாத வீடு வேணும்" என்றாள் சண்முகத்தாய். கிருபாபாயும் அதையே எழுதியிருந்தாள்.

வேல்சாமி கோபப்பட்டான். "ஆறு தறிய விட்டுட்டு நான் எங்க போக? கம்ப்யூட்டர்ல நாலு பேரு சொல்லுதாளுவன்னு குடும்பத்தப் பிரிக்கப் பாக்கியா?"

"நீ எங்கயும் போகாண்டாம்லே. நான் போறேன்" என்றேன். "நானும் இவளும் பிள்ளையுமா வில்லிபுத்தூருக்குப் போறோம். நீ ஞாயித்துக்கெழம வந்து பாரு."

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சந்துக்குள், ஒரு அறை வீடு. பக்கத்திலேயே பேச்சுச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒருவர் இருந்தார். ஐப்பசியில் குடி வந்தோம். அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி, எனக்குத் தலை சுற்றியது. பையன் மிஷினைப் பிடுங்காமல் விட்டான். சரி, இனி எல்லாம் நடக்கும் என்று நினைத்தேன். அங்கேதான் அடுத்த சண்டை.

கையால் பேசக் கூடாது என்றார் டீச்சர். கை பேசினால் வாய் சோம்பேறியாகிவிடுமாம். தாய்மார் கூட்டத்திலும் முக்கால்வாசிப் பேர் அதையே சொன்னார்கள். வாயைக் காட்டி, நேருக்கு நேர் உட்கார்ந்து, நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருங்கள் என்று. என் கை என்ன, சொன்னால் கேட்குமா? இருபத்தைந்து வருஷமாகப் பேசுகிற கை. பையனுக்குப் பசி என்றால் என் கை முதலில் எழும்பும். சண்முகத்தாய் பட்டென்று அடித்துவிடுவாள்.

"கையக் கட்டுங்க அத்தை!"

"அவன் கேக்கான்ட்டி. பதில் சொல்லாண்டாமா?"

"வாயால சொல்லுங்க."

"வாயால சொன்னா அவனுக்கு வெளங்கல. முழிக்கான். நாலு வருசம் என்கூடப் பேசின பிள்ளைகிட்ட இப்பப் பேசமாட்டேன்னா, அவன் என்ன நெனைப்பான்?"

"மறுபடி உங்க பேச்சக் கேட்டு நடக்கணுமா?"

அது சுட்டது. ஆனால் கை விஷயத்தில் நான் சொல்வது தப்பில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை தப்புச் செய்தவள் அடுத்து எதைச் சொன்னாலும் தப்பாகத்தான் இருக்குமா? அதையும் பஸ் ஏறிக் காசிராஜனிடம் போய் அடிக்கச் சொன்னேன். நான் கையை விட மாட்டேன், ஏன் விட வேண்டும் என்று எவளாவது எனக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்று.

நிறையப் பேர் சொன்னார்கள், எல்லாம் டீச்சர் சொன்னதுதான். கிருபாபாய் மட்டும் வேறு மாதிரி எழுதினாள். பாட்டி, எனக்கும் தெரியவில்லை. எல்லோரும் சொன்னார்கள் என்று என் மகனுக்கு நான் கையை மறுத்தேன். இப்போது பதினோரு வயதில் ஓரளவு பேசுகிறான். ஆனால் ஐந்து வயது வரை தனக்கு எங்கே வலிக்கிறது என்றுகூட எனக்குச் சொல்ல முடியாமல் இருந்தான். அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. இதை நான் கூட்டத்தில் எழுதியதில்லை, உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

காசிராஜன் படித்து முடித்ததும் மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னேன். சண்முகத்தாய் ஏன் அந்தத் தாள்களை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். வீட்டில் போய்க் காட்டினேன். சண்முகத்தாய் படித்துவிட்டுத் தாளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "இவளும் மறைச்சுட்டா, பாத்தீங்களா" என்றாள் கடைசியில். சண்டை தீரவில்லை, ஆனால் என் கையை அடிப்பதை நிறுத்தினாள்.

இப்போது மார்கழி முடியப்போகிறது. டீச்சர் பையனுடைய உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துப் பேசுவார், சத்தம் நடுங்குவது அவனுக்குத் தெரியட்டும் என்று. சண்முகத்தாயும் அப்படியே செய்வாள். முந்தாநாள் காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். எனக்கு நல்ல வசதி என்று, பையனை மடியில் வைத்து, பழையபடி கையாலேயே ஒரு கதை சொன்னேன். அவன் பார்த்தான். பிறகு கையை நீட்டி என் தொண்டையில் வைத்தான். காத்திருந்தான். அங்கே ஒன்றும் நடுங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான், மறுபடி அழுத்திப் பார்த்தான். அப்புறம் என் தொண்டையிலேயே ஓங்கி ஒரு அடி வைத்தான்.

வலித்தது. கோபமும் வந்தது. "ஏன்லே அடிச்ச?" என்று கத்தினேன். அவன் கண் விரிந்தது. கையை எடுக்கவில்லை. இன்னும், என்பதுபோல் தட்டினான்.

சண்முகத்தாய் ஈரத்தலையோடு ஓடி வந்தாள். "என்ன அத்தை சத்தம்?"

"இவன் கேக்கான்ட்டி. நான் வாயையும் தொறக்கணுமாம்."

"நாங்க சொன்னா கேக்கல, அவன் சொன்னா கேப்பீய."

"கேப்பேன். ஆனா கைய விடமாட்டேன், பாத்துக்கோ."

அந்தக் கதையை முதலிலிருந்து, கையாலும் வாயாலும் சேர்த்துச் சொன்னேன். அது முடிந்ததும் அடுத்தது. நேற்றும் சொன்னேன், இன்றைக்கும் சொன்னேன். அவனிடமிருந்து இன்னும் ஒரு சொல் வரவில்லை. ஆனி வந்தால் ஐந்து வயது. எனக்குத் தொண்டை கட்டி, பேச்சு காற்றாகத்தான் வருகிறது. வெந்நீர் குடித்துவிட்டு வாங்க என்று சண்முகத்தாய் சொல்கிறாள். அவன்தான் கழுத்தில் இருந்து கையை எடுக்க மாட்டேன் என்கிறான்.